அச்சும் வண்ணமும்: சிவப்பும் பச்சையும் பிரியாத கண்களுக்காக

காரைக்குடியில் அச்சகம் நடத்துகிறேன். கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், கடை போர்டு, பள்ளி ஆண்டு மலர் என்று நாள் முழுக்க வண்ணத்தோடுதான் பிழைப்பு. சென்ற இதழில் திருவிழா நோட்டீஸ் பற்றிக் கேட்ட ஒருவருக்குப் பதில் எழுதும்போது, நிறப்பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்குப் பச்சைத் தாளில் சிவப்பு எழுத்து தெரியாது என்று ஒரு வரி சேர்த்திருந்தேன். அந்த ஒரு வரிக்குத்தான் இத்தனை கடிதங்கள். அதனால் இந்த இதழ் முழுக்க அதற்கே. தாள், பைண்டிங் பற்றிக் கேட்டவர்களுக்கு அடுத்த இதழில் கட்டாயம் எழுதுகிறேன்.

கேள்வி: நகரத்தார் கோயில்கள் ஒன்பதையும் பார்க்க வருகிறவர்களுக்காகச் சட்டைப் பையில் வைக்கிற அளவில் ஒரு மேப் அச்சடிக்கப் போகிறோம். கோயிலுக்கு ஒரு நிறமாக ஒன்பது புள்ளிகள், எந்த நிறம் எந்தக் கோயில் என்று ஓரத்தில் ஒரு பட்டியல், கார் வழி சிவப்பு, பஸ் வழி பச்சை. டிசைன் முடிந்து எங்கள் ஐயாவிடம் காட்டினால், "எல்லாம் ஒரே கோடால்ல இருக்கு" என்கிறார். அவர் ஒருவருக்காக மாற்றத்தான் வேண்டுமா? (வாசகர், தேவகோட்டை)

பதில்: மாற்றுங்கள். அச்சுக்குப் போகும் முன்பே சொன்னாரே, ஐயாவுக்கு நன்றி சொல்லுங்கள். அவர் ஒருவர் மட்டுமில்லை. ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் நூற்றுக்கு எட்டுப் பேருக்கு இந்தக் குறைபாடு உண்டு. ஆசிய ஆண்களில் அதைவிடச் சற்றுக் குறைவு. பெண்களில் அபூர்வம். கோயில் வாசலில் ஒரு பஸ் நிறைய ஆட்கள் வந்து இறங்கினால், அதில் ஓரிருவராவது உங்கள் மேப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் நிற்பவரிடம் வழி கேட்பார்கள். தனக்கு இந்தக் குறைபாடு இருப்பதே தெரியாமல் பேரன் பேத்தி எடுத்தவர்களும் நிறைய இருக்கிறார்கள்.

நிறம் பார்ப்பதற்கென்று விழித்திரையில் மூன்று வகைக் கூம்பு அணுக்கள் உண்டு. நீண்ட அலை ஒளிக்கு ஒன்று, நடுத்தர அலைக்கு ஒன்று, குறுகிய அலைக்கு ஒன்று. முதல் இரண்டில் ஒன்று இல்லாமல் போனாலோ, இரண்டும் ஒரே மாதிரி வேலை செய்தாலோ சிவப்பு, பச்சை, பழுப்பு, ஆரஞ்சு எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று கலந்து ஏறக்குறையக் கடுகு மஞ்சள் குடும்பமாகத் தெரியும். ஊதா நீலமாகத் தெரியும், ஏனென்றால் ஊதாவில் கலந்திருக்கும் சிவப்பு அந்தக் கண்ணுக்குத் தனியாகப் பிரிந்து தெரிவதில்லை. வெளிர் ரோஸும் சாம்பலும் பிரியாது. நீலத்துக்கும் மஞ்சளுக்கும் மட்டும் பெரும்பாலும் சேதம் இல்லை. உங்கள் மேப்பில் கார் வழியும் பஸ் வழியும் ஐயாவுக்கு ஒரே கோடாகப் போனது இதனால்தான்.

ஒன்பது நிறம் என்பது நல்ல கண்ணுக்கும் அதிகம். ஓரத்துப் பட்டியலில் கருநீலத்தைப் பார்த்துவிட்டு மேப்புக்குத் திரும்பினால் அது கருநீலமா, கத்தரிப்பூவா என்று யாருக்கும் சந்தேகம் வரும். கோயிலுக்கு நிறமே வேண்டாம். ஒன்பது புள்ளியையும் கருப்பாகவே வையுங்கள். இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி, இரணியூர், பிள்ளையார்பட்டி என்று அந்தந்தப் புள்ளியின் பக்கத்திலேயே பெயரைப் போடுங்கள். பட்டியலே தேவைப்படாது. மிச்சமாகும் இடத்தில் நடை திறக்கும் நேரத்தைப் போடலாம், வருகிறவர்கள் முதலில் கேட்பது அதைத்தான்.

அப்புறம் வழிகள். கார் வழியை ஆரஞ்சு கலந்த சிவப்பில், தடித்த முழுக் கோடாகப் போடுங்கள். பஸ் வழியை நீலத்தில், விட்டு விட்டு வரும் கோடாகப் போட்டு, கோட்டின் மேலேயே "பஸ்" என்று எழுதிவிடுங்கள். உங்கள் அச்சகத்தில் சொல்ல எண் வேண்டுமென்றால் இதோ, அந்தந்த அச்சு மையின் விழுக்காட்டில்: ஆரஞ்சு சிவப்புக்கு மஜெந்தா 80, மஞ்சள் 100. நீலத்துக்கு சயான் 100, மஜெந்தா 50. மசாட்டாகா ஒகாபே, கெய் இட்டோ என்ற ஜப்பான் ஆராய்ச்சியாளர்கள் இருவர் எல்லாக் கண்ணுக்கும் பிரிந்து தெரியும்படி தேர்ந்தெடுத்துக் கொடுத்த நிறத் தொகுப்பில் உள்ளவை இவை. இதே தொகுப்பில் பச்சை வேண்டுமென்றாலும் நீலம் கலந்த பச்சைதான், சயான் 97, மஞ்சள் 75. இலைப்பச்சையை அவர்கள் சேர்க்கவே இல்லை.

எல்லாவற்றையும்விட முக்கியம் வெளிச்ச வித்தியாசம். இதைக் கண்ணால் பார்க்க நம் ஊரில் வேறெங்கும் போக வேண்டாம். வளவில் (முற்றத்தைச் சுற்றிய பகுதியில்) ஆத்தங்குடிக் கல் என்கிற பூ வேலைத் தரைக்கல் பதித்த வீடு எதற்காவது போய், பச்சைத் தரையில் சிவப்புப் பூ இருக்கிற கல் ஒன்றைப் போனில் படம் எடுங்கள். எடிட் பகுதியில் வண்ணத்தை முழுக்க எடுத்துக் கருப்பு வெள்ளை ஆக்குங்கள். சிவப்பும் பச்சையும் ஒரே அளவு கருமையாக இருந்தால், அந்தப் பூ இருந்த இடமே தெரியாமல் சாம்பலுக்குள் போய்விடும். அதே கல்லின் ஓரத்தில் கருப்பும் வெள்ளையுமாக ஓடும் பட்டை அப்படியே நிற்கும். உங்கள் மேப்பையும் இப்படி ஒரு தடவை பாருங்கள். அதில் எது காணாமல் போகிறதோ அதைத் திருத்துங்கள்.

இதோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். சிவப்பை உணரும் கூம்பு இல்லாதவர்களுக்குச் சிவப்பு நமக்குத் தெரிவதைவிட இருட்டாகத் தெரியும், அதைக் கருப்பு வெள்ளைப் படம் காட்டாது. போட்டோஷாப்பிலும் இல்லஸ்ட்ரேட்டரிலும் வியூ மெனுவில் ப்ரூஃப் செட்டப் என்ற இடத்துக்குள் நிறக்குருடு வகை இரண்டு இருக்கும். ஒவ்வொன்றாகச் சொடுக்கிப் பார்க்கலாம். அந்த மென்பொருள் இல்லாதவர்களுக்குக் கலர் ஆரக்கிள் என்று இலவசமாகவே ஒன்று கிடைக்கிறது.

எங்கள் அச்சகத்தில் கட்டிங் மெஷின் பார்ப்பவர் என் அண்ணன். அவருக்கும் சிவப்பு பச்சை பிரியாது. மெஷினுக்குப் போகும் முன் எல்லாக் கலர் ப்ரூஃபும் (சரிபார்க்க எடுக்கும் மாதிரி அச்சு) அவர் மேஜைக்குப் போகும். "இங்கே ரெண்டு கட்டம் இருக்கா, ஒண்ணா?" என்று அவர் கேட்டால் அந்த டிசைன் கம்ப்யூட்டருக்குத் திரும்பிவிடும். மென்பொருள் காட்டுவது கணக்குப் போட்டு வரும் தோராயம்தான். அண்ணன் சொல்வது அவர் கண்ணில் பட்டது. உங்களுக்கு ஐயா இருக்கிறார். திருத்திய மேப்பையும் அவரிடமே கொண்டுபோய், ஒன்றும் விளக்காமல், "இரணியூருக்குப் பஸ் எந்தப் பக்கம் போகுது?" என்று மட்டும் கேளுங்கள்.

கேள்வி: என் மகன் நாலாம் வகுப்பு. இலைக்குப் பழுப்பும் மரத்துக்குப் பச்சையும் அடிக்கிறான். கவனமில்லை என்று டீச்சர் நோட்டில் எழுதி அனுப்புகிறார். கண் டாக்டர் ஒரு புத்தகத்தில் புள்ளிகளைக் காட்டிச் சோதித்துவிட்டு நிறக்குருடு என்றார். "எங்கள் வம்சத்தில் யாருக்கும் இல்லையே" என்று மாமியார் என்னைப் பார்க்கிறார். கண்ணாடி போட்டால் சரியாகும் என்று விளம்பரம் வருகிறதே, வாங்கலாமா? (வாசகி, கானாடுகாத்தான்)

பதில்: முதலில் மாமியார் விஷயம், அதுதான் உங்களை அதிகம் வருத்துகிறது என்று கடிதத்திலேயே தெரிகிறது. சிவப்பு பச்சைக் குறைபாட்டின் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. மகன் தன் எக்ஸைத் தாயிடமிருந்து மட்டுமே வாங்குகிறான். ஆகவே உங்கள் வழியில் வந்தது என்பது உண்மை. உங்கள் ஆத்தாவைப் பெற்ற ஐயாவுக்கோ, அப்பச்சிக்கோ (அப்பா), அம்மானுக்கோ (தாய்மாமன்) இருந்ததா என்று ஆத்தாவிடம் (அம்மா) கேட்டுப் பாருங்கள். தக்காளி காயா பழமா என்று மற்றவரைக் கேட்டு வாங்கியவர் ஒருவராவது இருப்பார். ஆனால் வழி என்பது வேறு, குற்றம் என்பது வேறு. உங்களுக்கு எக்ஸ் இரண்டு. ஒன்றில் குறை இருந்தாலும் இன்னொன்று ஈடுகட்டிவிடுகிறது, அதனால் உங்களுக்கே தெரியாமல் சுமந்திருக்கிறீர்கள். இரண்டில் எந்த எக்ஸ் பிள்ளைக்குப் போக வேண்டும் என்று எந்தத் தாயும் தீர்மானிப்பதில்லை. மாமியாரிடம் இதைப் படித்துக் காட்டுங்கள்.

பெண் பிள்ளைகளுக்கு வரவே வராது என்றும் நினைக்க வேண்டாம். தகப்பனுக்குக் குறை இருந்து, தாயும் அந்த மரபணுவைச் சுமந்தால் மகளுக்கும் வரலாம். அம்மான் மகளைக் கட்டுவது நம் பக்கம் வழக்கம். அம்மானுக்கும் மாப்பிள்ளைக்கும் ஒரே குறை இருந்தால் இது நடக்கக்கூடியதே.

டாக்டர் காட்டியது இஷிஹாரா புத்தகம். ஷினோபு இஷிஹாரா என்ற ஜப்பானியக் கண் மருத்துவர் 1917இல் வெளியிட்டது, இன்றைக்கும் உலகம் முழுக்க அதுதான். புள்ளிகளுக்குள் எண் மறைந்திருக்கும். எண் படிக்கத் தெரியாத குழந்தைக்கு விரலால் தடவிப் போகும் வளைகோடுகளும் அதில் உண்டு.

கண்ணாடி வேண்டாம் என்பது என் கருத்து. அந்த லென்ஸ் சில அலைகளை வடிகட்டிவிடும், அதனால் சிலருக்குச் சில நிறங்களின் இடையே வேறுபாடு கூடித் தெரியலாம். இல்லாத கூம்பை அது கொண்டுவராது. பிறவியில் வரும் இந்தக் குறைக்கு இன்று வழக்கத்தில் உள்ள சிகிச்சை எதுவும் இல்லை, இது வயதோடு கூடிக்கொண்டே போவதும் இல்லை. விளம்பரத்துக்குக் கொடுக்கும் பணத்தில் அவனுக்கு நல்ல கிரேயான் பெட்டி வாங்கி, ஒவ்வொரு குச்சியின் தாளிலும் நிறத்தின் பெயரைத் தமிழில் எழுதி ஒட்டிக் கொடுங்கள். அதோடு இலை நிறச் சிக்கல் தீர்ந்தது. இலை பச்சை என்று அவனுக்கு நன்றாகத் தெரியும், கையில் இருக்கும் குச்சி எது என்பதுதான் தெரியவில்லை.

டீச்சரிடம் நேரில் போய்ப் பேசுங்கள். டாக்டர் சீட்டைக் கொண்டுபோங்கள். கேட்க வேண்டியவை பெரிதாக ஒன்றுமில்லை. பச்சை போர்டில் சிவப்புச் சாக்பீஸால் எழுத வேண்டாம், வெள்ளையும் மஞ்சளும் போதும். "சிவப்பில் இருப்பதை அடிக்கோடிடு" என்பதுபோல் நிறத்தை மட்டும் சொல்லும் கேள்விகளில் இடத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மேப் பாடத்தில் மாவட்டத்தின் மேல் பெயர் எழுதியிருக்க வேண்டும். "கவனமில்லை" என்று எழுதிய பக்கத்தை அந்த டீச்சரே திருத்திக் கொடுத்தால் பையனுக்கு அது பெரிய ஆறுதல், கூச்சப்படாமல் கேளுங்கள். நல்ல ஆசிரியர்கள் செய்வார்கள்.

ரயில் ஓட்டுவது போன்ற சில வேலைகளுக்கு நிறப்பார்வை கட்டாயம், அதை வயது வந்ததும் அவனுக்குச் சொல்லிவிடுங்கள். கார் லைசென்ஸ் பற்றிக் கவலைப்பட்டிருக்கிறீர்கள். லேசான, நடுத்தர அளவிலான குறைபாடு உள்ளவர்கள் லைசென்ஸ் எடுக்கலாம் என்று 2020இல் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் விதியை மாற்றிவிட்டது.

கேள்வி: கண்டாங்கிச் சேலைகளை இணையத்திலும் விற்கிறோம். அரக்கு கேட்டேன், பச்சை வந்தது என்று ஒருவர் திருப்பி அனுப்பினார். ஆர்டரைப் பார்த்தால் அவர் தொட்டது பச்சை வட்டத்தைத்தான். இதற்கு நாங்கள் என்ன செய்ய முடியும்? இன்னொன்று, எங்கள் தறிக்காரர் மகனுக்கும் இந்தக் குறை இருக்கிறது, தறியில் உட்காரலாமா? (வாசகர், காரைக்குடி)

பதில்: நீங்கள் செய்யக்கூடியது நிறையவே இருக்கிறது. உங்கள் தளத்தைத் திறந்து பார்த்தேன். சேலைப் படத்துக்குக் கீழே சுண்டைக்காய் அளவில் ஆறு வட்டங்கள். பெயர் இல்லை. எதைத் தொட்டோம் என்று காட்ட வட்டத்தைச் சுற்றி மெல்லிய சிவப்பு வளையம், அது அரக்கு வட்டத்தில் எனக்கே தெரியவில்லை. ஆத்தாவுக்குச் சேலை வாங்க ஆசையாக வந்த பையன் பச்சையைத் தொட்டதில் என்ன ஆச்சரியம்?

கடையில் நேரில் வருகிறவரிடம் எப்படிச் சொல்வீர்களோ அப்படியே அங்கேயும் எழுதுங்கள். அரக்கு, மாந்துளிர், கிளிப்பச்சை, மயில் கழுத்து, வாடாமல்லி, கத்தரிப்பூ, வெந்தயம், சாம்பல். நம்மிடம் நிறத்துக்குப் பெயரா பஞ்சம்? கண்டாங்கியில் உடல் ஒரு நிறம், கட்டம் ஒரு நிறம், கரை ஒரு நிறம். அதனால் "உடல் கடுகு மஞ்சள், கட்டம் கருப்பு, கரை அரக்கு" என்று மூன்றையும் தனித்தனியாகப் போடுங்கள். தொட்ட வட்டத்தில் டிக் குறி விழட்டும். தீர்ந்துபோன சேலையை வெளிறச் செய்வதோடு விடாமல் "இருப்பு இல்லை" என்று எழுதுங்கள். முகவரியில் பின்கோடு விட்டுப்போனால் அந்தக் கட்டம் சிவப்பாவது மட்டும் போதாது, "பின்கோடு எழுதவில்லை" என்று வார்த்தையில் வர வேண்டும். வலைதளங்களுக்கான உலக அளவிலான அணுகல் விதிகள் சொல்வதும் இதைத்தான்: ஒரு செய்தியை நிறத்தால் மட்டும் சொல்லக் கூடாது. எழுத்துக்கும் பின்னணிக்கும் வெளிச்ச விகிதம் குறைந்தது 4.5க்கு 1, பெரிய எழுத்துக்கும் பொத்தான்களுக்கும் 3க்கு 1. உங்கள் தளம் செய்து கொடுத்தவரிடம் இந்த எண்களைச் சொன்னாலே புரிந்துகொள்வார்.

தறியில் தாராளமாக உட்காரலாம். 1875இல் சுவீடனில் லாகர்லுண்டா என்ற இடத்தில் இரண்டு ரயில்கள் மோதிக்கொண்டன. ஊழியர் சிக்னல் நிறத்தைப் பிரித்துப் பார்க்க முடியாமல் போனதுதான் காரணமோ என்று உப்சாலாவில் இருந்த ஃப்ரித்தியோஃப் ஹோல்ம்கிரன் என்ற உடலியல் அறிஞர் சந்தேகப்பட்டார். ரயில்வே ஊழியர்களைச் சோதிக்க அவர் எடுத்தது என்ன தெரியுமா? சாயம் போட்ட கம்பளி நூல் சிட்டங்கள். ஒரு பச்சைச் சிட்டத்தைக் கையில் கொடுத்து, குவியலில் இருந்து அதே சாயலில் உள்ளவற்றைப் பொறுக்கச் சொல்வார். குறை உள்ளவர்கள் பச்சையோடு சாம்பலையும் பழுப்பையும் சேர்த்து எடுத்துவிடுவார்கள். உங்கள் தறிக்காரர் மகனுக்கும் நடக்கப்போவது அதே இடத்தில்தான். நெய்வதில் தப்பு வராது, நூல் எடுப்பதில் வரும். சாயக்காரரிடமிருந்து வரும்போதே ஒவ்வொரு சிட்டத்திலும் நிறத்தின் பெயர் எழுதிய அட்டையைக் கட்டச் சொல்லுங்கள். ஊடைத் தார் (குறுக்கு நூல் சுற்றிய குழல்) வைக்கும் பெட்டியில் நிறத்துக்கு ஒரு அறை, அறையின் முகப்பில் பெயர். காரைக்குடி கண்டாங்கிக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது, நெய்ய ஆள்தான் குறைந்துகொண்டு வருகிறது. ஆசையோடு வரும் பிள்ளையை ஒரு அட்டைக்காகத் திருப்பி அனுப்ப வேண்டாம்.

கேள்வி: மெஸ் வைத்திருக்கிறேன். மெனு கார்டில் சைவத்துக்குப் பச்சைப் புள்ளி, அசைவத்துக்குப் பழுப்புப் புள்ளி போட்டிருக்கிறேன். போதும்தானே? (வாசகர், பள்ளத்தூர்)

பதில்: போதாது. பச்சையும் பழுப்பும் எளிதில் குழம்பும் ஜோடிகளில் ஒன்று. இதை அரசாங்கமே மாற்றிவிட்டது. பொட்டலங்களில் அசைவக் குறி இப்போது சதுரத்துக்குள் பழுப்பு முக்கோணம், 2020ஆம் ஆண்டின் உணவு லேபிள் விதிமுறை அப்படிச் சொல்கிறது. சைவம் பழையபடி பச்சை வட்டம். வடிவத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். உங்கள் கார்டிலும் அப்படியே செய்யுங்கள், கூடவே "சைவம்", "அசைவம்" என்று தலைப்புப் போட்டுப் பக்கத்தையே பிரித்துவிடுங்கள். கல்யாண வீட்டில் பஃபே வைக்கும்போது இன்னும் கவனம் வேண்டும். ஆட்டிறைச்சி உப்புக்கறியும் காளான் வறுவலும் பக்கத்தில் பக்கத்தில் ஒரே நிறத்தில் இருக்கும். விரதம் இருப்பவர் ஒருவர் தெரியாமல் எடுத்துவிட்டால் அந்த வருத்தத்தை நாம் ஈடுசெய்ய முடியாது. தட்டுக்கு முன்னால் பெயர் அட்டை, பெரிய எழுத்தில்.

கேள்வி: எம்.எஸ்சி. புராஜெக்டில் ஐந்து மாதிரிகளின் அளவுகளை ஒரே வரைபடத்தில் ஐந்து கோடாகப் போட்டிருக்கிறேன். எது எந்த மாதிரி என்று கைடு கேட்கிறார். எக்செல் கொடுத்த நிறங்கள்தான். அடுத்த வாரம் வைவா. (மாணவி, காரைக்குடி)

பதில்: ஒரு வாரம் தாராளம். ஓரத்தில் இருக்கும் நிறப் பெட்டியை அழித்துவிட்டு, ஒவ்வொரு கோடும் வலது பக்கம் முடிகிற இடத்தில் மாதிரியின் பெயரை எழுதுங்கள். பாதி வேலை அதிலேயே முடிந்தது. அப்புறம் புள்ளிகளின் வடிவத்தை மாற்றுங்கள்: வட்டம், சதுரம், முக்கோணம், வைரம், பெருக்கல் குறி. நிறத்துக்கு, மேலே தேவகோட்டைக்காரருக்குச் சொன்ன ஒகாபே, இட்டோ தொகுப்பையே எடுக்கலாம். திரைக்கான எண்கள், சிவப்பு, பச்சை, நீலம் என்ற வரிசையில்: நீலம் 0, 114, 178. ஆரஞ்சு 230, 159, 0. நீலப்பச்சை 0, 158, 115. ஆரஞ்சு சிவப்பு 213, 94, 0. ஐந்தாவதுக்குக் கருப்பு. அதில் மஞ்சளும் உண்டு, ஆனால் வெள்ளைத் தாளில் மெல்லிய கோட்டுக்கு அது எடுபடாது.

இணைப்பில் வெப்ப வரைபடம் (அளவுகளை நிறத்தால் காட்டும் படம்) ஒன்றும் அனுப்பியிருக்கிறீர்கள், வானவில் நிறத்தில். அதை இப்படியே வைவாவுக்குக் கொண்டுபோகாதீர்கள். வானவில்லில் நடுவில் உள்ள மஞ்சள் அதிக வெளிச்சம், இரண்டு ஓரமும் இருட்டு. அதனால் நடு அளவு உச்சம்போல் தோன்றும், சிவப்பு பச்சை பிரியாதவருக்கு ஒரே நிறம் இரண்டு இடத்தில் வரும். விரிடிஸ் என்ற நிற வரிசை கருநீல ஊதாவில் தொடங்கி, பச்சை வழியாக மஞ்சளுக்கு ஏறும். ஏற ஏற வெளிச்சமும் சீராகக் கூடிக்கொண்டே போகும், கருப்பு வெள்ளையில் ஜெராக்ஸ் எடுத்தாலும் எது அதிகம், எது குறைவு என்று படிக்கலாம். வரைபடம் போட உதவும் பைத்தான் மென்பொருளான மேட்பிளாட்லிப் 2.0இலிருந்து எதையும் தேர்ந்தெடுக்காவிட்டால் வருவதே அதுதான். உங்கள் தோழி நுண்ணோக்கிப் படங்களில் சிவப்பும் பச்சையும் சேர்க்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். சிவப்புக்குப் பதில் மஜெந்தா போடச் சொல்லுங்கள். அதோடு, இரண்டு படத்தையும் தனித்தனியாகக் கருப்பு வெள்ளையிலும் வைத்தால் யாருக்கும் குறையில்லை.

கேள்வி: கடைக்குப் புது போர்டு. கருப்புப் பின்னணியில் சிவப்பு எழுத்து எடுப்பாக இருக்கும் என்கிறார் டிசைனர். (வாசகர், புதுவயல்)

பதில்: வேண்டாம். சிவப்பை உணரும் கூம்பு இல்லாதவருக்கு அது கருப்பு மேல் கருப்பு. ரோட்டின் எதிர்ப்பக்கம் இருந்து பார்த்தால் போர்டில் எழுத்தே இல்லை. சிவப்புதான் ராசி என்றால் பலகையைச் சிவப்பாக்கி எழுத்தை வெள்ளையாக்குங்கள். கருப்புதான் வேண்டுமென்றால் மஞ்சள் எழுத்து.

கேள்வி: பிளஸ் டூ முடித்திருக்கிறேன். விஷுவல் டிசைன் படிக்க ஆசை. எனக்குச் சிவப்பு பச்சை பிரியாது. வீட்டில் அப்பச்சி, "இல்லாத கண்ணை வச்சுக்கிட்டு ஏன்ப்பா இந்தப் படிப்பு" என்கிறார். சேர்த்துக்கொள்வார்களா? (வாசகர், கோனாபட்டு)

பதில்: தம்பி, இதே கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. புனே திரைப்படக் கல்லூரியில் படத்தொகுப்புப் படிப்புக்குத் தேர்வான ஒரு மாணவரை நிறப்பார்வைக் குறைபாட்டைக் காரணம் காட்டிச் சேர்க்க மறுத்தார்கள். 2022இல் உச்ச நீதிமன்றம், இந்தக் குறைபாட்டுக்காக யாரையும் அந்தப் படிப்புகளில் இருந்து ஒதுக்கக் கூடாது, பாடத்திட்டத்தில்தான் வேண்டிய மாற்றம் செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டது. அந்த வழக்கில் நியமிக்கப்பட்ட வல்லுநர் குழுவும் வண்ணத்தைச் சரிசெய்யும் பாடப் பகுதியை எடுத்துவிடலாம், அல்லது விருப்பப் பாடமாக வைக்கலாம் என்றே பரிந்துரைத்தது. இதை அப்பச்சியிடம் காட்டுங்கள்.

அவர் பயப்படுவதிலும் நியாயம் இருக்கிறது, பிள்ளை நாளைக்கு வேலையில் அவமானப்பட்டுவிடக் கூடாதே என்ற பயம். அதற்கு நீங்கள் பழக வேண்டியவை சில உண்டு. நிறத்தைக் கண்ணால் தேர்ந்தெடுக்காமல் எண்ணால் தேர்ந்தெடுங்கள். திரையில் உள்ள நிறத்தின் எண்ணைச் சொல்லும் சொட்டுக்குழாய்க் கருவி எல்லா டிசைன் மென்பொருளிலும் இருக்கிறது. ஒவ்வொரு வேலைக்கும் முதலில் கருப்பு வெள்ளையில் முழு டிசைனையும் முடியுங்கள். எழுத்தின் அளவு, இடைவெளி, எது முதலில் கண்ணில் பட வேண்டும் என்பதெல்லாம் அதிலேயே தீர்ந்துவிடும், நிறம் கடைசியில் வரட்டும். தோலின் நிறத்தைச் சரிபார்ப்பது, பட்டுச் சேலைப் படத்தின் சாயலை ஒப்பிடுவது போன்றவற்றுக்கு இன்னொருவர் கண்ணைக் கேளுங்கள். என் அச்சகத்தில் நானும் அண்ணனும் அப்படித்தான் வேலையைப் பிரித்துக்கொள்கிறோம். சாயல் ஒப்பிடுவது நான், பிரிந்து தெரிகிறதா என்று பார்ப்பது அவர்.

விண்ணப்பப் படிவத்தில் கேட்டால் மறைக்காமல் எழுதுங்கள், கண் மருத்துவரிடம் எந்த வகை, எவ்வளவு என்று சான்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சேர்க்கைக்குப் போவதற்குள் கொஞ்சம் வேலைகள் செய்து கையில் வைத்திருந்தால் நல்லது. விருப்பம் இருந்தால் காரைக்குடிக்கு வாருங்கள், பத்திரிகை சீசனில் எங்களுக்கும் ஆள் தேவைப்படும். வரும்போது நீங்கள் கருப்பு வெள்ளையில் செய்த டிசைன் ஏதாவது ஒன்றை எடுத்து வாருங்கள்.